அப்பாவின் கை நடுங்காத அன்று

செந்தூல் மகள்:

அப்பாவுக்கு 22 வருடமாக இனிப்புநீர். கடைசி ஒன்பது வருடமாக இரவில் இன்சுலின் ஊசி. போன தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார். ஊசி மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. அதைக் குறைக்க வேண்டுமா என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

விடியற்காலை சுங்கை பத்து ஆற்றில் குளித்துவிட்டு வரிசையில் நின்றோம். அப்பா ரொம்ப அமைதியாக இருந்தார். சாமி நினைப்பில் இருக்கிறார் என்று நினைத்தேன். "படி ஏறலாமாப்பா?" என்றேன். "டிக்கெட் எடுத்தாச்சா? பஸ் கெளம்பிடும்" என்றார். கை நடுங்கவில்லை, வியர்க்கவில்லை. அண்ணன் பையிலிருந்த சீனி அளக்கும் மீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தால் 2.6 மில்லிமோல்; நான்குக்குக் கீழே போகவே கூடாது. பத்துமலையின் 272 படிகளில் இன்னும் ஒன்றில்கூடக் கால் வைக்கவில்லை.

தண்ணீர்ப் பந்தலில் சீனி கேட்டு வாங்கி, மூன்று தேக்கரண்டியைக் கரைத்துக் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்து 3.4. இன்னொரு முறை கொடுத்த பிறகுதான் நான்கைத் தாண்டியது. விழுங்கும் நிலையில் இருந்ததால் கொடுத்தோம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேரே 999க்கு அழையுங்கள்.

"ஏன்ப்பா சொல்லல?" என்று கேட்டேன். "எனக்கு நல்லாத்தான்மா இருந்துச்சு." பொய் சொல்லவில்லை. அந்தப் பதில்தான் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். இரத்தத்தில் சீனி 3.9க்குக் கீழே இறங்க ஆரம்பித்தால், அதைக் கவனிக்கும் செல்கள் மூளையிலேயே இருக்கின்றன. அவை சொல்லித்தான் அட்ரினலின் சுரக்கிறது. நடுக்கம், படபடப்பு எல்லாம் அதனால் வருபவை; அவற்றை உணர்ந்துதான் நாம் மைலோ டின்னைத் தேடி ஓடுகிறோம். ஆனால் சீனி அடிக்கடி இறங்கினால் மூளை அதையே வழக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. மணி அடிக்க வேண்டிய இடம் கீழே கீழே போகிறது. கடைசியில் மணி அடிப்பதற்கு முன்பே யோசிக்கும் திறன் போய்விடுகிறது. ஆபத்தைக் கவனிக்க வேண்டிய மூளைதான் சீனி இல்லாமல் வாடுவதும். அப்புறம் அதனிடம் போய் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

டாக்டர் மீட்டரின் பழைய கணக்கைப் புரட்டினார். மூன்று மாதத்தில் பதினோரு முறை 3.5க்குக் கீழே. ஒன்றைக்கூட அப்பா சொன்னதில்லை. தெரிந்தால்தானே சொல்வார்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் வீட்டிலும் உடம்பு இப்படிப் பேசாமல் இருந்ததுண்டா?

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:

அக்கா, எனக்கு நேர்மாறு. உடம்பு பேசியது, ஆனால் மூளை அதை அலறலாகக் கேட்டது.

மஸ்ஜித் ஜாமெக்கில் எல்ஆர்டி ஏறியதும் ஒருநாள் நெஞ்சு அடித்துக்கொண்டது. சுரங்கத்துக்குள் இரயில் போகப் போக, இதயம் இதோ நின்றுவிடப் போகிறது என்றே தோன்றியது. இரண்டு மாதத்தில் மூன்று முறை அவசரப் பிரிவுக்கு ஓடினேன். மூன்று முறையும் இசிஜி சுத்தம். முதல் இடத்தில் "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க" என்றார்கள். அந்த வார்த்தை எவ்வளவு வலிக்கும் என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும். எனக்கு ஒன்று இருந்தது, அதன் பெயர்தான் தெரியவில்லை.

பிறகு பார்த்த மனநல மருத்துவர் ஒரு சோதனை வைத்தார். நாடியைத் தொடாமல், உட்கார்ந்தபடியே இதயத் துடிப்பை மனதுக்குள் எண்ண வேண்டும். கருவி தனியாக எண்ணும். 1981இலிருந்தே ஆராய்ச்சியாளர்கள் செய்து வருவதுதான். என் இதயத்தின் ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்கிறது என்று நம்பியிருந்தேன். என் எண்ணிக்கையும் கருவியின் எண்ணிக்கையும் பொருந்தவே இல்லை. துல்லியமாகத் தெரிகிறது என்ற நம்பிக்கை வேறு, தெரிவது வேறு என்றார். துடிப்பு எகிறுவது உண்மை. சாகப்போகிறேன் என்பது மூளை போட்ட விளக்கவுரை.

மூளையில் காதுக்கு உட்புறமாக, ஒரு மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதியில்தான் இதயம், குடல், மூச்சு பற்றிய செய்திகள் உணர்வாகின்றன. அந்தச் செய்தியைச் சுமக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடம்பிலிருந்து மூளைக்குப் போகிறவை. மூளை உத்தரவு போட, உடம்பு கேட்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழகினேன். அப்படி விடும்போது துடிப்பு தணிவதை நானே உணர்ந்த நாளிலிருந்து பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இப்போது எல்ஆர்டியில்தான் வேலைக்குப் போகிறேன்.

கெப்போங் அம்மணி:

எங்கள் அத்தைக்கும் இனிப்புநீர். இரண்டு நாள் களைப்பு, தாடையில் வலி. வாயு என்று பூண்டு ரசம் வைத்துக் குடித்தார். மாரடைப்பு. நெஞ்சில் வலியே இல்லை. இதயத்திலிருந்து வரும் நரம்பும் கையிலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் சேர்வதால், மூளை வலியின் விலாசத்தை மாற்றிக் கை, தோள் என்று எழுதிவிடுமாம். இனிப்புநீர் அந்த நரம்பையே அரித்துவிட்டால் அதுவும் வராது. தயவுசெய்து, காரணமில்லாத களைப்புக்கும் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். அத்தை பிழைத்துக்கொண்டார், முருகன் புண்ணியம்.

செந்தூல் மகள்:

தம்பி, அம்மணி, நன்றி. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சில வாரங்கள் சீனி இறங்கவே விடாமல் பார்த்துக்கொண்டால், போன உணர்வு திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசியின் அளவைக் குறைத்தார். அப்பா படுக்கும் முன் நான் மீட்டர் வைத்துப் பார்ப்பேன். நான்காவது வாரம், நடுச்சாமம் மூன்று மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினார்.

"கை நடுங்குதும்மா."

மீட்டரில் 3.6. சீனித் தண்ணீர் கலக்கும்போது என் கையும் நடுங்கியது. அவ்வளவு சந்தோஷம்.