வட்டக்கானல் வழியில் கேட்ட பேஸ் கிட்டாரும் ஒரு கல்யாணக் கதையும்

நான் டிக்கெட் எடுத்துக் கச்சேரிக்குப் போனவள் இல்லை. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீசியன். கொடைக்கானலிலிருந்து வட்டக்கானல் போகிற வழியில் ஒரு பழைய கல் கட்டடம். அங்கே பெங்களூரிலிருந்து வந்த நாலு பேர் சைக்கடெலிக் ஃபங்க் என்று ஒரு வகை மேற்கத்திய இசை வாசிக்கப் போகிறார்கள், வயரிங்கையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். போன ஐப்பசி, விடாத மழை. ராத்திரி நான் தனியாக இருக்க வேண்டாம் என்று என்னையும் வரச் சொன்னார். சொன்னார் என்றால் வாயால் இல்லை. ஜீப் கதவைத் திறந்துவிட்டு மழையிலேயே நின்றார்.

எங்களுக்குள் நாலு நாளாகப் பேச்சு இல்லை. நான் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறேன். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் வாங்க 2 வருடமாகச் சேர்த்த 18,000 ரூபாயை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் தம்பிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். கொடுத்ததுகூடப் பரவாயில்லை. கேட்டிருக்கலாம்.

போய்ச் சேர்ந்தால், ஸ்பீக்கரில் ‘ஊங்…’ என்று ஒரே இரைச்சல். கிட்டார் பையன் ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் சொருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். “ஆம்ப்ளிஃபயரு ஒரு போர்டுல இருந்து எடுத்திருக்கீங்க, மிக்ஸரு இன்னொரு போர்டு. ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வித்தியாசம் இருக்கு தம்பி, அது உங்க கேபிள் வழியா ஓடுது. அதான் கத்துது” என்றார். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றினார். இரைச்சல் நின்றது. அந்த அமைதியில் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கச்சேரிக்கு முன்னால் அரை மணி நேரம் கதை வாசிப்பு வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர், கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, தானே எழுதிய சிறுகதையை வாசித்தார். பூம்பாறையில் ஒரு புருஷன் பெண்டாட்டி. மலைப்பூண்டு போடுகிறவர்கள், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதே அதே பூண்டுதான். விதைக்கு வைத்திருந்த பூண்டை அந்த மனுஷன் விற்றுவிடுகிறான். அன்றோடு பேச்சு நின்றுபோகிறது. “அப்பாகிட்ட சொல்லு”, “அம்மாகிட்ட கேளு” என்று மகன் வழியாகவே வருஷக்கணக்கில் குடும்பம் ஓடுகிறது. மகன் ஹாஸ்டலுக்குப் போனதும் தூது போக ஆள் இல்லை. அப்புறம் நாயிடம் பேசுகிறார்கள். “இந்தா, ஒன் எசமான்கிட்ட சொல்லு, ரேஷன்ல சீனி போடுறாங்களாம்.” நாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டுகிறது. ஒரு மழை ராத்திரி, எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போகிறது. நாய் எங்கே கிடக்கிறதென்றே தெரியாத இருட்டு. “தீப்பெட்டி எங்க?” என்று அவள் கேட்கிறாள். “ஒன் தலமாட்டுல” என்கிறான் அவன். அவ்வளவுதான் கதை.

மன்னிப்பு, கண்ணீர் எதுவுமே இல்லை. தலைமாட்டில் தீப்பெட்டி இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அதை மட்டும் எழுதி விட்டிருக்கிறார். நான் படித்த எத்தனையோ கல்யாணக் கதைகளில் இப்படி நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரரைத் தேடினேன். மேடைக்குக் கீழே குனிந்து எதற்கோ டேப் சுற்றிக்கொண்டிருந்தார், முதுகுதான் தெரிந்தது.

அப்புறம் பாட்டு. டிரம்ஸ், பேஸ் கிட்டார், கிட்டார், கீபோர்டு. பேஸ் என்கிற அந்த அடிக்குரல் கிட்டாரை வாசித்தது ஒரு பெண். அவள் தொட்ட முதல் சுரம் காதுக்கு வருவதற்கு முன்னால் பலகைத் தரை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்துவிட்டது. ஏழெட்டுச் சுரம், அதையே திரும்பத் திரும்பப் பத்து நிமிஷம். அலுக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எங்கேயோ ஓர் இடத்தில் விட்டு வாசித்தாள், அந்த இடம் வருமா வருமா என்று மனசு காத்துக் கிடந்தது. ராஜா சார் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகுமே, அந்த ருசி தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

கிட்டார் பையனின் காலடியில் ஒரு பெடல். அதை முன்னும் பின்னும் மிதிக்க மிதிக்கக் கிட்டார் ‘வா… வா…’ என்று வாய் திறந்து மூடியது. என் தையல் மிஷினை மிதிக்கிற அதே மிதி! குதிகாலை ஊன்றி, முன்பாதத்தால் தள்ளி. 20 வருஷமாக நான் மிதிக்கிற மிதியில் இப்படி ஒரு குரல் வரும் என்று நினைத்ததே இல்லை.

கடைசியாக வாசித்தது ஃபங்கடெலிக் என்ற அமெரிக்கக் குழு 1971-ல் போட்ட ஒரு துண்டு. எடி ஹேஸல் என்கிற கிட்டார்காரரிடம் அவர்கள் தலைவர் ஜார்ஜ் கிளிண்டன், உன் அம்மா இறந்துபோன சேதி வந்தது மாதிரி வாசி என்றாராம். அவர் வாசித்து முடித்ததும், மற்றவர்கள் வாசித்ததில் பெரும்பகுதியைக் கிளிண்டன் ஒலிப்பதிவில் அடக்கிவிட்டாராம். இங்கேயும் டிரம்ஸ்காரர் குச்சியை மடியில் வைத்துவிட்டார். கீபோர்டு மட்டும் ஒரே வரிசையை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்க, அதன் மேல் கிட்டார் அழுதது. யாரோ கதவைத் திறந்தார்கள், மேகம் உள்ளே வந்தது. ஒருத்தரும் மூடவில்லை.

—

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பி:

அக்கா, அந்தப் பெடலுக்கு வா-வா என்றுதான் பேர். நான் பேஸ் வாசிக்கிறேன். நீங்கள் சொன்ன ‘விட்டு வாசிப்பது’தான் ஃபங்க். ஃபங்க் இசைக்கு வழி போட்ட அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் ஆட்களிடம் தாளத்தின் முதல் அடியை அழுத்தி வாசிக்கச் சொல்வார். முதல் அடியில் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டால் போதும், மற்ற இடத்தில் யார் எவ்வளவு விட்டாலும் பாட்டு கலையாது. டெக்ஸாஸிலிருந்து க்ருவாங்பின் என்று ஒரு குழு இருக்கிறது, மூன்றே பேர். தாய்லாந்து மொழியில் அந்தப் பேருக்கு ஆகாய விமானம் என்று அர்த்தம். 60, 70-களில் தாய்லாந்தில் வந்த ஃபங்க் பாட்டுகளைக் கேட்டு ஊறினவர்கள். அவர்கள் பேஸைக் கேளுங்கள், உங்களுக்குப் பிடிக்கும்.

—

கோத்தகிரியிலிருந்து ஒரு சகோதரி:

எனக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் இதே மாதிரி ஒரு குழு வாசித்தது. நாங்கள் படகர். எங்கள் ஆட்டம் வட்டமாக, நிதானமாகச் சுற்றி வருவது. என் பாட்டி சேரில் உட்கார்ந்தபடியே அந்தத் தாளத்துக்கு எங்கள் அடியைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் வந்து குழலும் பறையும் வாசிப்பார்களாம், அது மாதிரியே அடிவயிற்றில் வந்து விழுகிறது என்றார்.

உங்கள் கதை படித்ததும் என் கல்யாணம் ஞாபகம் வந்தது. எங்களில் புதுப்பெண் புகுந்த வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து வர வேண்டும். குடத்தோடு திரும்பும்போது வழி வழுக்கியது. முன்பின் பேசியிராத என் வீட்டுக்காரர், “அந்தக் கல்லு ஆடும், பார்த்து” என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அது சரி, அண்ணன் பேசினாரா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

—

சொல்கிறேன் சகோதரி. வயரெல்லாம் சுருட்டி ஏற்றிவிட்டு ஜீப்பில் கிளம்பும்போது மணி பதினொன்றரை. பனிமூட்டத்தில் ரோட்டுக் கோடுகூடத் தெரியவில்லை, முதல் கியரிலேயே ஊர்ந்தோம். இரண்டு வளைவு தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

“அந்தக் கதைல, நாய்க்குப் பேரே வைக்கலியா?”

“வைக்கலைங்க” என்றேன்.