பனியாற்று 'வண்டல்': ஒரு சொல் போதுமா?

கோத்தகிரியிலிருந்து:

துருவக் கடல் உயிர்களைப் பற்றிய நம் கலைச்சொல் பட்டியலில், பனியாறு (மெல்லக் கீழ்நோக்கி நகரும் பனிக்கட்டித் திரள், glacier) கடலில் சேர்க்கும் துகளுக்குப் "பனியாற்று வண்டல்" என்று போட்டிருக்கிறோம். துருவக் கடலுக்கு இது பொருந்தவில்லை. வண்டல் என்றால் ஆறு கொண்டுவந்து சேர்த்த வளமான மண், படிந்து முடிந்த பொருள். பனியாற்றின் அடியில் பாறை அரைபட்டு வருவதோ மாவு. 0.063 மி.மீ.க்கும் சிறிய துகள்களே அதில் மிகுதி, உணவுச்சத்து ஏறக்குறைய கிடையாது. உருகுநீர் நன்னீர் என்பதால் கடல்நீரின் மேலேயே பரவும். உப்பு கலந்ததும் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு வேகமாகக் கீழிறங்கும். கடலடி விலங்குக்கு இதனால் இரண்டு தொல்லை: மிதக்கும் துகள் வடிகட்டும் உறுப்பை அடைக்கிறது, படிந்த துகள் உடலைப் புதைக்கிறது. மிதப்பதைப் "பனிக்கலங்கல்" என்றும் படிவதைப் "பனிப்படிவு" என்றும் சொல்லலாமா?

கொடைக்கானலிலிருந்து:

பிரித்தது சரி அக்கா. ஆனால் "பனிப்படிவு" வேண்டாம். ஜனவரியில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்க்கிற மலைக்காரர்கள் அதை உறைபனி என்றே படிப்பார்கள். "கலங்கல்" கீழே ஏரிப் பாசனக்காரர்களுக்கு உபரி நீர் வழியும் இடம். சங்கப் பாடலில் கலங்கிய நீருக்குக் "கலிழி" என்று ஒரு சொல் உண்டே?

உதகையிலிருந்து:

கலிழி அழகான சொல்தான், தம்பி. அதற்கே ஒரு அடிக்குறிப்பு எழுத வேண்டிவரும் என்பதுதான் சிக்கல். "உருகுநீர்க் கலங்கல்", "உருகுநீர்ப் படிவு" என்று வைத்தால் உறைபனியும் ஏரியும் குறுக்கே வரமாட்டா. கேத்தி பாலாடாவில் கேரட் கழுவிய தண்ணீர் ஓடையில் கலப்பதைப் பார்த்தவருக்கு முதல் சொல்லை விளக்கவே வேண்டாம்.

கலங்கலுக்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும் என்பதற்கு அண்டார்க்டிக் பகுதியிலுள்ள கிங் ஜார்ஜ் தீவின் பாட்டர் கோவ் என்ற சிறு விரிகுடா ஒன்றே போதும். அங்கே ஃபூர்காட் பனியாறு சுருங்கிவருகிறது. 1994, 1998 ஆண்டுகளின் கணக்கெடுப்பில் கடலடியில் ஓங்கியிருந்தவை கடல் பீச்சிகள் (sea squirt, தரையில் ஒட்டி வாழும் பைபோன்ற விலங்குகள்). 2010இல் பார்த்தபோது அந்த ஆதிக்கம் போய்ப் பலவகை விலங்குகளின் கலவையாகிவிட்டது. கடல் பீச்சி நீரை உறிஞ்சி வடிகட்டி உண்பது. கலங்கல் கூடினால் உடலைச் சுருக்கித் துகளைப் பீய்ச்சி வெளியேற்ற வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும், உள்ளே வரும் உணவோ குறையும். காம்புள்ள மோல்குலா இனம் இதில் சீக்கிரம் தளர்கிறது, நெமிடோகார்ப்பா இனம் சற்றுத் தாங்குகிறது. கலங்கலைப் பொறுக்கும் கடலிறகுகள் (sea pen, பவளங்களுக்கு உறவான விலங்குகள்) பெருகின. ("கடல் பேனா" என்ற நேர்ப்பெயர்ப்பை நீக்கிவிடுங்கள், பார்த்தால் இறகுதான்.)

படிவு வேறு கதை. ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் கோங்ஸ்ஃபியோர்டு என்ற நீள்குடாவில் பனியாற்று முகப்பை ஒட்டிய அடித்தரையில் பெரும்பாலும் சிறிய, மேல்சேற்றில் நகர்ந்து பிழைக்கும் விலங்குகளே இருக்கின்றன. ஒட்டி நின்று வாழ்பவற்றுக்கு அங்கே பிடிமானம் கிடைப்பதில்லை.

கோத்தகிரியிலிருந்து:

ஏற்கிறேன். அளவிடும் முறையையும் விளக்கத்தில் சேர்த்தால் இரண்டு சொல்லும் குழம்பாது. கலங்கலுக்கு: அளந்த நீரை, முன்பே எடைபோட்ட கண்ணாடியிழை வடிதாளில் ஊற்றி, உலர்த்தி, மறுபடி எடைபோட வேண்டும். அலகு, லிட்டருக்கு மில்லிகிராம். உலர்த்துமுன் காய்ச்சி வடித்த நீரால் கழுவாவிட்டால் உப்பின் எடையும் ஏறி, தெளிந்த கடல்கூடக் கலங்கியதாகக் காட்டும். மிதவைப் பாசி மிகுந்த நாளிலும் எடை கூடும். அதே தாளை உலையில் 500 டிகிரி செல்சியஸ் அளவில் எரித்தால் உயிர்ப்பொருள் போய்விடும், மிஞ்சுவது பெரும்பாலும் பாறைமாவு. படிவுக்கு: கடலடியில் நிறுத்திய குழாய்ப் பொறியில் சேர்ந்ததை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று கணக்கிட வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து:

சரி. அப்படியே "பனியாறு பின்வாங்கல்" என்பதையும் பார்த்துவிடுவோம். சுருங்கும் பனியாற்றிலும் பனி கீழ்நோக்கித்தான் ஓடுகிறது. மேலிருந்து வந்து சேர்வதைவிட உருகுவதும் உடைந்து விழுவதும் மிகுவதால் முகப்பு மட்டும் மேலேறுகிறது. "பனியாற்று முகப்புத் தேய்வு" என்கிறேன்.

உதகையிலிருந்து:

"தேய்வு" என்றால் பாறையில் உராய்ந்து தேய்வது என்று எடுத்துக்கொள்வார்கள், அந்த வினையும் பனியாற்றுக்கு உண்டு. "முகப்பு ஒடுக்கம்" என்று இப்போதைக்குப் பதியுங்கள். மிதக்கும் பனிப்பாறை கடலடித் தரையைக் கீறுவதற்குப் "பனியுழவு" என்று ஏற்கெனவே இருப்பது இருக்கட்டும். அதையும் உருகுநீர்ப் படிவையும் ஒரே பதிவின்கீழ் வைத்திருக்கிறோம். பனியுழவு பிடுங்கி எறிவது, படிவு மூடுவது. தனித்தனியாக்க வேண்டும்.