ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: கிளம்பும் முன் எதையெல்லாம் முடிக்கணும்?

குடியாத்தம் அண்ணன் கேட்டது:

வணக்கம். தங்கச்சி வேலூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. நாலாவது செமஸ்டர் படிக்கிறாள். மாணவர் பரிமாற்ற ஒப்பந்தத்தில் ஐந்தாவது செமஸ்டரை ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கத் தேர்வாகியிருக்கிறாள். அக்டோபரில் வகுப்பு. அங்கே கல்விக் கட்டணம் இல்லை, இங்கே கட்டுவதைக் கட்டினால் போதும் என்கிறார்கள். எவ்வளவு பணம் புரட்டணும் என்பது அப்பாவின் கவலை. ஒரு வருஷம் பின்தங்கிவிடுவாளோ என்பது என் கவலை. அங்கே எழுதும் பேப்பர் இங்கே செல்லுமா? விசா வேலையை எப்போது தொடங்குவது? பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை.

பாலாற்றங்கரை:

பணத்துக்கு முன்னால் காலண்டரைப் பாருங்க. பின்தங்குவது அங்கேதான் நடக்கும்.

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்பு அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரியில் முடியும், தேர்வுகள் அதை ஒட்டி வரும். இங்கே ஆறாவது செமஸ்டர் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தொடங்கிவிடும். தங்கச்சி திரும்பி வரும்போது ஆறு, ஏழு வாரம் போயிருக்கும். 75 சதவீத வருகைப்பதிவு அப்போதுதான் இடிக்கும். அந்த வாரங்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாகப் போனதாக வருகை போடுவது) உண்டா, தவறிய முதல் இன்டர்னல் தேர்வைத் தனியாக வைப்பார்களா, லேப் எப்படி ஈடுகட்டுவது என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்க. எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) வாயால் சொன்னது போதாது. தேர்வுகளைக் கவனிக்கும் கன்ட்ரோலர் ஆபீஸ் முத்திரையோடு கடிதம் வேணும். எச்.ஓ.டி. மாறினாலும் அந்தக் கடிதம் நிற்கும். இதற்குப் பயந்து ஏழாவது செமஸ்டருக்குத் தள்ள வேண்டாம். கேம்பஸ் இன்டர்வியூ நடப்பது அப்போதுதான்.

அடுத்தது பேப்பர். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 இ.சி.டி.எஸ். (ஐரோப்பியப் பொதுக் கணக்கு) கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வீட்டுப் படிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இங்கே செமஸ்டருக்கு 20 கிரெடிட் என்று வைத்தால் அங்கே ஒன்றரை கிரெடிட் இங்கே ஒன்றுக்குச் சமம். உங்கள் கல்லூரி எந்தக் கணக்கை ஏற்கிறது என்று கேளுங்க. பிறகு ஐந்தாவது செமஸ்டரின் ஒவ்வொரு பேப்பருக்கும் நேராக அங்கே எந்தப் பாடம் என்று அட்டவணை போட்டு, இரண்டு சிலபஸையும் இணைத்து, இரண்டு கல்வி நிறுவனங்களின் கையெழுத்தோடு லேர்னிங் அக்ரிமென்ட் (படிப்பு ஒப்பந்தம்) ஆக்கணும். இதில் மூன்று இடத்தில் சறுக்கும். இணையதளத்தில் இருக்கும் பாடம் அந்த செமஸ்டரில் நடக்காமல் போகும். நடந்தாலும் ஜெர்மன் மொழியில் மட்டும் இருக்கும். அல்லது இரண்டு பாடம் ஒரே நேரத்தில் மோதும். அதனால் ஒவ்வொரு பேப்பருக்கும் மாற்றாக இன்னொன்றையும் இப்போதே ஒப்புதல் வாங்கி வைக்கணும்.

நம் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுவது ஒன்று உண்டு. அங்கே வகுப்பில் சேர்ந்தாலே தேர்வுக்குச் சேர்ந்ததாகாது. தேர்வுக்கு ஆன்லைனில் தனியாகப் பதியணும், அதற்குக் கெடு தேதி உண்டு. தவறினால் ஹாலுக்குள் விடமாட்டார்கள். பல பாடங்களில் மொத்த மதிப்பெண்ணும் கடைசித் தேர்வு ஒன்றிலேயே இருக்கும். மறுதேர்வு வரும்போது இவள் காட்பாடியில் இருப்பாள்.

மதிப்பெண்ணும் தலைகீழ். 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சி, 5.0 பெயில். மாற்று அட்டவணை கையில் இல்லையென்றால் 1.3 வாங்கிய பிள்ளைக்கு இங்கே பதிகிறவர் குழம்பிப்போவார்.

கோட்டை அகழி:

பணக் கணக்கு. விசாவுக்கு ஷ்பெர்கோன்டோ என்ற முடக்கக் கணக்கில் மாதம் 992 யூரோ வீதம் காட்டணும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 5,95,200 ரூபாய். அன்றைய விலைக்கு ஏற்றபடி கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்க. இது செலவாகிற பணமல்ல, அங்கே போனதும் மாதா மாதம் அவள் கைக்கே வரும். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் மீதியை மட்டும் காட்டினால் போதும். வருஷத்துக்கு 10 லட்சத்துக்குள் அனுப்பினால் டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடித்தமும் இல்லை.

வங்கியில் அனுப்பும்போது, வழியில் வரும் கமிஷன் அனைத்தையும் அனுப்புபவரே ஏற்பார் என்று படிவத்தில் குறிக்கச் சொல்லுங்க. இல்லாவிட்டால் நடுவில் ஒரு வங்கி 15, 20 யூரோ பிடித்துக்கொள்ளும். தொகை குறைந்தால் முடக்கக் கணக்குச் சான்று வராது. மீதியை மறுபடி அனுப்பி முடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும்.

இது போக விசா கட்டணம் 75 யூரோ, மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவுக்கு மேல், செமஸ்டர் பங்களிப்புத் தொகை (கல்விக் கட்டணம் இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுவது), விமான டிக்கெட், விடுதி முன்பணம். அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் முடக்கப் பணம் வர ஆரம்பிக்கும். முதல் மாதம் அதை நம்ப முடியாது. வாடகை, முன்பணம், சாப்பாடு மூன்றையும் சமாளிக்கிற அளவுக்கு ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பண அட்டை) ஏற்றி, கொஞ்சம் ரொக்கமும் கொடுத்தனுப்புங்க.

90 நாளைத் தாண்டுவதால் ஷெங்கன் (ஐரோப்பியக் குறுகிய கால) டூரிஸ்ட் விசா உதவாது, ஜெர்மனியின் நீண்ட காலத் தேசிய விசாதான். படிவத்தில் தங்கும் நாளைக் கேட்கும் இடத்தில் தேர்வு முடியும் தேதி வரைக்கும் போடணும். வகுப்பு முடியும் தேதியைப் போட்டால் தேர்வுக்கு முன்பே விசா முடிந்துவிடும். கைரேகைக்குச் சென்னை போகணும். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் அன்றைக்கே திரும்பிவிடலாம். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே அப்பாயின்ட்மென்ட் தேடுங்க.

போய்ச் சேர்ந்து குடியேறிய 14 நாளுக்குள் முகவரியை நகராட்சியில் பதியணும், அன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் பதியமாட்டார்கள். விடுதி உறுதியாகும்போதே அதைத் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்க.

இனிஷியல் பிரச்சினை:

பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்றது நல்லதுதான். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல்தான் தொல்லை. மார்க் ஷீட்டில் ஆர். கவிதா என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போடமுடியாது, விரித்து எழுதணும். சர்நேம் (குடும்பப் பெயர்) கட்டத்தை வெறுமையாக விடுகிறவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டுப் படிவம் ஒவ்வொன்றும் அதைக் கேட்டு மல்லுக்கு நிற்கும். கவிதாவைக் கிவன் நேமிலும் (சொந்தப் பெயர்), அப்பா பெயரைச் சர்நேமிலும் போட்டுவிடுங்க. ஆதாரையும் அதே எழுத்துக்குத் திருத்துங்க.

வரிசை முக்கியம். முதலில் பாஸ்போர்ட், அதைப் பார்த்து அங்கே விண்ணப்பம், பிறகு முடக்கக் கணக்கு, காப்பீடு, டிக்கெட். எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கணும். ஒரு ‘எச்’ கூடினாலும் திருத்தச் சொல்லுவார்கள். மார்க் ஷீட் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கல்லூரி போனஃபைடில் (மாணவர் என்ற சான்று) ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. வேலூர் தபால் நிலைய பாஸ்போர்ட் மையத்தில் விண்ணப்பிக்கலாம், சாதாரண 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். போலீஸ் விசாரணைக்கு வரும்போது முகவரியில் யாராவது இருக்கணும்.

குடியாத்தம் அண்ணன்:

ரொம்ப நன்றி. காலண்டர் விஷயம் எங்களுக்குத் தோணவே இல்லை, திங்கட்கிழமை கன்ட்ரோலர் ஆபீஸ் போகிறோம். அம்மா நெய், உப்புக்கண்டம், கறிவேப்பிலை எல்லாம் இப்போதே கணக்குப் போடுகிறார். அனுப்பலாமா?

பாலாற்றங்கரை:

நெய்யும் உப்புக்கண்டமும் வேண்டாம். வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் பயணிகளை விடுவதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயும் தாவர நலச் சான்று இல்லாமல் போகாது. கருவாடு போகும், வாசனை வெளியே வராதபடி இரண்டு உறை போடுங்க. மிளகாய்த்தூள், சாம்பார்பொடி, புளி தாராளமாக அனுப்பலாம்.

குக்கர் வாங்கினால் இண்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ள எவர்சில்வர், 2 லிட்டர் போதும். வெறும் அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. அடாப்டர் இரண்டு வாங்கிக் கொடுங்க. மாத்திரை சாப்பிடுகிறவளாக இருந்தால் மூன்று மாதத்துக்கு மட்டும் எடுத்துப் போகலாம். மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டை டாக்டரிடம் ஆங்கிலத்தில் வாங்கி, மாத்திரை அட்டையோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்க.