கங்கை ஓங்கிலுக்கும் எண்ணெய்ப்பறவைக்கும் பொதுவாக ஒரு கலைச்சொல்

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். பதினோராம் வகுப்புத் துணைநூல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. கங்கை ஓங்கிலையும் (டால்பின்) தென்னமெரிக்கக் காட்டு எண்ணெய்ப்பறவையையும் ஒப்பிடும் அட்டவணை ஒன்று. இரண்டுமே ஒலியெழுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டு வழியறிபவை. 'மீயொலி இடமறிதல்' சரிவருமா?

விலங்கியல் ஆசிரியர்:
ஓங்கிலுக்குச் சரி. அதன் சொடுக்கொலி 60 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது; நம் காது 20-க்கு மேல் கேட்காது. எண்ணெய்ப்பறவையின் சொடுக்கோ குகையில் நிற்பவர் காதிலேயே விழும். ஆக, 'மீ' பறவைக்குப் பொய். 'எதிரொலி இடமறிதல்' என்றே போடுங்கள்.

புலவர்:
ஏழெழுத்தில் முடிவதற்கு இத்தனை நீளமா? சிலம்புதல் என்றால் எதிரொலித்தல். எதிரொலிப்பதால்தான் மலைக்கே சிலம்பு என்று பெயர். 'சிலம்பறிதல்' என்க.

பதிப்பாசிரியர்:
ஐயா, ஓங்கிலுக்கு ஓங்கல் என்றும் பெயர்; ஓங்கல் என்றாலும் மலைதான். 'ஓங்கலின் சிலம்பறிதல்' என்று அச்சிட்டால் பாடத்தைப் புவியியலில் சேர்த்துவிடுவார்கள். மாணவருக்கோ கண்ணகிதான் நினைவுக்கு வருவாள். 'ஒலிப்பார்வை' எளிது.

விலங்கியல் ஆசிரியர்:
எளிதுதான், ஆனால் பாதிதான் உண்மை. கங்கை ஓங்கிலின் கண்ணில் வில்லை (லென்ஸ்) கிடையாது. கலங்கல் நீரில் மீன் பிடிப்பதே ஒலியால்தான். பறவைக்கு மங்கலிலும் கூர்மையான கண். பழம் தேடப் பார்வையும் மோப்பமும் போதும், சொடுக்கு குகையிருட்டுக்கு. அதுவும் பருமட்டானது: 1979-இல் ஆய்வாளர்கள் கொனிஷியும் நட்சனும் இருட்டில் வட்டுகளைத் தொங்கவிட்டபோது, 20 செ.மீ. விட்டமுள்ளவற்றை விலக்கிப் பறந்தது, சிறியவற்றில் மோதியது. இதைப் 'பார்வை' என்றால் தேர்வில் தப்பாக எழுதுவார்கள்.

புலவர்:
அப்படியானால் 'ஒலித்துழாவல்'. பெரும்பாணாற்றுப்படையில் துழவை என்றால் துழாவி அட்ட கூழ். துடுப்பும் துழாவும் கருவிதானே. கூழுக்கும் அதே, படகுக்கும் அதே...

விலங்கியல் ஆசிரியர்:
சொல் அழகு. ஆனால் கங்கை ஓங்கில் ஒருக்களித்து நீந்தி, பக்கத் துடுப்பால் ஆற்றடி மண்ணை மெய்யாகவே துழாவும். எந்தத் துழாவல் என்று கேட்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, 'எதிரொலி இடமறிதல்' என்றே இருக்கட்டும். வினை? "பறவை எதிரொலித்து இடமறிகிறது" என்றால் எதிரொலிப்பது குகைச்சுவர் அல்லவா?

பதிப்பாசிரியர்:
"எதிரொலி கேட்டு இடமறிகிறது." மெய்ப்பு இன்று மாலைக்குள் வேண்டும்.

புலவர்:
அச்சிடுங்கள். இரண்டாம் பதிப்புக்குச் சிலம்பறிதலை மறுபடி வைப்பேன்.