மறுமொழி: ‘புரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். பாலிசி அனுமதிப்பதைவிட வாடகை கூடிய அறையில் தங்கினால், மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைத்துத் தருகிறதே, அதற்கு நம் கலைச்சொல் அகராதியில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இது என் பதில்.

> ‘விகிதாசாரக் கழிவு’ போதாதா? இரண்டு சொல்லும் அகராதியில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்தது. புதிதாக எதற்கு?

போதாது ஐயா. விகிதாசாரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. இடிப்பது ‘கழிவு’தான்.

பென்ஷன் வாங்குகிறவர் காதில் கழிவு என்பது நல்ல சொல். வருமான வரிக் கணக்கு போடும்போது, பழைய வரிமுறையில் இருக்கும் மூத்த குடிமக்களுக்கு மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்காக 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. கழிவு கூடக்கூட வரி குறையும். இலங்கைத் தமிழிலோ கழிவு என்றால் கடையில் கிடைக்கும் தள்ளுபடி. இப்படி நமக்கு லாபமாக வருவதைக் குறிக்கிற சொல்லை, நம் கையை விட்டுப் போகிற பணத்துக்கு வைத்தால் என்ன ஆகும்? எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வந்த கடிதத்தில் ‘கழிக்கப்பட்டது’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, “ஒரு லட்சத்துக்கு மேல தள்ளிக் கொடுத்திருக்காங்க போலிருக்கே, நல்ல ஆஸ்பத்திரி” என்றார். ஆஸ்பத்திரி ஒரு பைசா தள்ளவில்லை. அவ்வளவும் அவர் மகனுடைய கார்டில் போயிருந்தது.

(கடிதத்தின் தலைப்பே ‘செட்டில்மென்ட்’. ஓய்வு பெற்றவருக்கு செட்டில்மென்ட் என்றால் பி.எஃப்., கிராஜுவிட்டி வந்த நாள். இல்லாவிட்டால் பிள்ளை பேரில் வீட்டை எழுதி வைக்கிற பத்திரம். அதைத் ‘தீர்வுக் கடிதம்’ என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம், நல்லதாகப் போயிற்று.)

அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். எண்களைப் புரிவதற்காக முழுசாக்கியிருக்கிறேன். மொத்த பில் 3,12,000. காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 1,80,000. நடுவில் ஒரே வரி: கழிக்கப்பட்டது 1,32,000. ஓரத்தில் சில ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் விளங்காது.

அந்த ஒரே வரிக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் 12,000. கையுறை, முகக்கவசம், டயப்பர், தெர்மாமீட்டர், கூட இருப்பவர் சாப்பாடு. இவற்றுக்கென்றே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 68 பொருட்கள் கொண்ட பட்டியல் ஒன்று வெளியிட்டிருக்கிறது. தனியாகச் சேர்த்து வாங்கியிருந்தால் ஒழிய, பாலிசி இவற்றுக்குப் பணம் தராது. மீதி 3,00,000.

கடைசியில் 45,000. அது கோ-பே. அறுபது வயதுக்கு மேல் சேர்ந்த பாலிசிகள் பலவற்றில் இருக்கிறது. இந்தப் பாலிசியில், மற்ற இரண்டும் போக ஒத்துக்கொள்ளப்பட்ட 2,25,000இல் 20 சதவீதம் நாம் போட வேண்டும். கையெழுத்துப் போட்டு வாங்கிய பாலிசி, புலம்பிப் பயனில்லை.

நடுவில் இருக்கிற 75,000தான் நம்முடைய இழைக்குக் காரணமான ஆசாமி.

ஆசிரியையின் பாலிசியில் அறை வாடகை நாளுக்கு 5,000 வரை. மகன் பெங்களூரிலிருந்து போன் போட்டு, “அம்மாவுக்குத் தனி ரூம் போடுங்க, வித்தியாசத்தை நான் பாத்துக்கறேன்” என்றிருக்கிறார். தனி அறை 8,000. நாளுக்கு 3,000 வித்தியாசம், ஐந்து நாள், 15,000. அவர் மனக்கணக்கு அதோடு முடிந்தது. யார் போட்டாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகளில் அறை மாறினால் எல்லாம் மாறும். அதே டாக்டர், அதே தியேட்டர், அதே நர்ஸ். பொது வார்டுக்கு ஒரு விலை, தனி அறைக்கு வேறு விலை. அதனால் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்கிறது என்றால், “நீங்கள் 5,000 அறையில் இருந்திருந்தால் டாக்டர் ஃபீஸும் அந்த அளவில்தான் வந்திருக்கும். ஆகவே அறையோடு சேர்ந்து ஏறிய எல்லாவற்றையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைக்கிறேன்.” அறை வாடகை 40,000, அது 25,000 ஆகிறது. டாக்டர், தியேட்டர், நர்சிங் சேர்ந்து 1,60,000, அது ஒரு லட்சம் ஆகிறது. போனது 15,000, அப்புறம் 60,000. மகன் நினைத்ததைப் போல் ஐந்து மடங்கு.

மீதி ஒரு லட்சம் மருந்து, மூட்டில் வைத்த செயற்கைப் பாகம், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மருந்து, ஒருமுறை பயன்பாட்டுப் பொருட்கள், உடலுக்குள் வைக்கும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றை இந்த விகிதத்தில் குறைக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2020இல் வெளியிட்ட நெறிமுறையில் சொன்னது. ஐசியு கட்டணத்துக்கும் இது பொருந்தாது. மாத்திரை விலை எந்த அறையில் படுத்து விழுங்கினாலும் ஒன்றுதானே. அதையும் எட்டில் ஐந்து ஆக்கியிருந்தால் இன்னும் 37,500 குறைந்து, கோ-பே போக 30,000 நம் கையை விட்டுப் போயிருக்கும். அப்படிப் போயிருந்தால் அது கேட்டு வாங்க வேண்டிய பணம்.

இதனால்தான் மூன்றுக்கும் ஒரே சொல் ஆகாது என்கிறேன். ஒன்று பட்டியலைப் பார்த்து ஒப்பிட வேண்டியது. இன்னொன்று பேசாமல் கட்ட வேண்டியது. நடுவில் இருப்பது கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டியது. கடிதத்தைக் கையில் வைத்திருப்பவருக்குப் பெயரைப் பார்த்ததுமே அது தெரிய வேண்டும்.

> சரி, கழிவு வேண்டாம். ‘பிடித்தம்’?

இதையும் யோசித்தேன். சம்பளக்காரர் எல்லோருக்கும் பழகிய சொல். ஆனால் ஓய்வூதியர் அனுபவத்தில் பிடித்தம் என்றால் ஒருநாள் திரும்பும். பி.எஃப். பிடித்தார்கள், வந்தது. கம்யூட்டேஷனுக்கு (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதற்கு) பிடிக்கிறார்கள், 15 ஆண்டு முடிந்ததும் நிற்கிறது. இந்த 75,000 அப்படித் திரும்பி வராது. ‘வெட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உணர்ச்சி சரி, அகராதியில் போட முடியாது.

என் பரிந்துரை: அறைவிகிதக் குறைப்பு.

அறை என்று முன்னால் நிற்பதால் எதனால் வந்தது என்று தெரியும். விகிதம் என்பதால் எப்படிக் கணக்குப் போடுவது என்று தெரியும். ஆங்கிலச் சொல்லில் காரணம் இல்லை. அதில் இல்லாததை நாம் சேர்க்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோ-பேக்கு ‘இணைக்கட்டணம்’ வேண்டாம். மின்வாரியத்தில் கட்டும் இணைப்புக் கட்டணம் மாதிரி ஒலிக்கிறது. வெறும் ‘பங்கு’ என்றால் பங்குச் சந்தைக்கு ஓடிவிடும். ‘தன்பங்கு’ போதும். பட்டியல் பொருட்களுக்கு ‘சேராப் பொருள்’.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து

*

அடுத்த மடல் (சேலம், ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்)

அண்ணா, உங்கள் கணக்கு சரி. கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சிலது சொல்கிறேன்.

நாங்கள் இதை முழுப் பெயர் சொல்லி யாரிடமும் சொன்னது கிடையாது. “ப்ரொபோர்ஷன் வரும் சார், பரவாயில்லையா?” என்போம். ராத்திரி பத்து மணிக்கு அப்பாவை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளை “பரவால்லம்மா, முதல்ல ரூம் குடுங்க” என்றுதான் சொல்லும். படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். அந்தப் படிவத்தில் “உங்கள் பாலிசியில் அறைவிகிதக் குறைப்பு உண்டு. அறை வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணமும் குறைத்தே தரப்படும்” என்று தமிழில் இரண்டு வரி இருந்திருந்தால் பாதிப் பேர் இரட்டைப் படுக்கை அறைக்குப் போயிருப்பார்கள். சண்டையும் பாதி குறைந்திருக்கும். டிஸ்சார்ஜ் நாளில் எங்களிடம் கத்தாத குடும்பமே கிடையாது. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று 2024இல் விதி வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் அந்த அவசரத்தில் யாரும் பில்லைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஒன்று விட்டுவிட்டீர்கள். அறைக்கு அறை விலை மாற்றாத ஆஸ்பத்திரிகளும் உண்டு. சின்ன ஊர் நர்சிங் ஹோம் பலவற்றில் டாக்டர் ஃபீஸ் எல்லோருக்கும் ஒன்றுதான். அங்கே இந்தக் குறைப்பே செய்யக் கூடாது. வாடகை வித்தியாசம் மட்டும்தான். ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் “எங்கள் கட்டணம் எல்லா அறைக்கும் ஒன்றே” என்று ஒரு கடிதம் வாங்கி அனுப்பினால் திரும்பக் கேட்கலாம். அப்படிக் கடிதம் கேட்டு வந்தவர்களுக்கு நானே டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே அந்த விலை முறைக்கும் ஒரு பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் டிஃபரென்ஷியல் பில்லிங் என்பார்கள். மாவட்டவாரி, துறைவாரி என்கிறோமே, அதுபோல அறைவாரிக் கட்டணம் என்று வைக்கலாமா?

அப்புறம் சேராப் பொருளில் ஒரு சங்கதி. பில்லில் வெறுமனே ‘கிட்’ என்று போட்டு உள்ளே என்னென்ன என்று எழுதாமல் விட்டால், கிட் முழுவதும் போய்விடும். உள்ளே பாலிசி தரக்கூடிய பொருள் இருந்தாலும் சரி. பிரித்து எழுதிய பில் கேளுங்கள் என்று அந்தப் பதிவின் கீழேயே ஒரு குறிப்புப் போட்டுவிடுங்கள் அண்ணா.

*

அடுத்த மடல் (கோவை)

அம்மையார் சொன்ன ‘அறைவாரி’ அருமை. அப்படியானால் ‘அறைவிகிதக் குறைப்பு’ என்பதையும் ‘அறைவாரிக் குறைப்பு’ என்றே வைத்து, ‘விகிதம்’ என்ற வடசொல்லையும் தவிர்த்துவிடலாமே? ஜோடிச் சொற்களாகவும் அமையும்.

*

அடுத்த மடல் (நாகர்கோவில்)

தங்கச்சி, ‘அறைவாரிக் கட்டணம்’ அப்படியே சேர்க்கப்படுகிறது. லெட்டர்ஹெட் விஷயம் எனக்குப் புதிது, ஆசிரியையிடம் சொன்னேன். அவர் இருந்தது பெரிய ஆஸ்பத்திரி, அங்கே பலிக்காது. ஆனால் அவருடைய தம்பிக்குப் போன வருடம் ஊரிலேயே குடலிறக்க ஆபரேஷன் நடந்ததாம். ஃபைலை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.

ஐயா, ஜோடி அழகுதான். ஆனால் ‘அறைவாரிக் குறைப்பு’ என்றால் ஒவ்வோர் அறைக்கும் நிர்ணயித்த ஒரு குறைப்பு இருப்பதுபோல் படுகிறது. இங்கே அப்படி இல்லை. 5,000 வரம்பு உள்ளவர் 8,000 அறைக்குப் போனால் எட்டில் ஐந்து. அதே அறைக்கு 6,000 வரம்பு உள்ளவர் போனால் நான்கில் மூன்று. அறை ஒன்றுதான், குறைப்பு வேறு. விகிதம் என்ற சொல்லை எடுத்தால் கணக்குப் போகும் வழி போய்விடும். வடசொல் என்றாலும் பள்ளியில் படித்த சொல், எந்தத் தாத்தாவுக்கும் பயமில்லாதது. அது இருக்கட்டும்.

அகராதிக்கு நான் எழுதியிருக்கும் வரைவு:

அறைவிகிதக் குறைப்பு – பாலிசி அனுமதிக்கும் வாடகையைவிடக் கூடுதல் வாடகை உள்ள அறையில் தங்கினால், அனுமதித்த வாடகைக்கும் உண்மை வாடகைக்கும் உள்ள விகிதத்தில், அறையோடு மாறும் கட்டணங்களைக் காப்பீட்டு நிறுவனம் குறைத்துத் தருவது. மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி, ஐசியு கட்டணம் ஆகியவற்றுக்குப் பொருந்தாது. அறைவாரிக் கட்டணம் இல்லாத மருத்துவமனைகளுக்கும் பொருந்தாது. *காண்க:* அறைவாரிக் கட்டணம், தன்பங்கு, சேராப் பொருள்.

கலைச்சொல் பதிவுக்கு இது நீளம் என்று யாராவது சொல்வீர்கள். கடிதத்தோடு உட்காருகிறவருக்காக எழுதியது, நீளமாகவே இருக்கட்டும். முறையிடும் வழியையும் ஒரு வரியில் சேர்க்கலாமா என்று சொல்லுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது.

திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். ‘டிடக்டிபிள்’ (பாலிசி பணம் தரத் தொடங்குமுன் முதலில் நாம் போட வேண்டிய தொகை) பற்றித் தனி இழை தொடங்குகிறேன். சூப்பர் டாப்-அப் பாலிசி (ஒரு வரம்புக்கு மேல் போகும் செலவுக்கான கூடுதல் பாலிசி) வைத்திருக்கிற வங்கி ஓய்வூதியர்கள் யாராவது உங்கள் பாலிசி வாசகத்தில் அந்தப் பத்தியை மட்டும் தட்டச்சு செய்து போடுங்கள். பாலிசி எண்ணை நீக்கிவிடவும்.