மகளுக்கு சுவோனில் பிரசவம்: நான் எப்போ போகணும், என்ன கொண்டு போகணும்?

செங்கோட்டை ஆச்சி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எம் மக கல்யாணமாகி கொரியாவுல சுவோன்ல இருக்கா. மருமகனுக்கு அங்க வேலை. ஜனவரி கடைசில தேதி குடுத்திருக்காங்க. தலைப்பிரசவம். ஊருக்கு வந்துருட்டீன்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. சரி நாமளே போவோம்னு பாஸ்போர்ட் எடுத்தாச்சு.

இப்ப ஒரு புதுக் கூத்து. ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் நேரா வீட்டுக்கு வரமாட்டாங்களாம். ஜோரிவோன்னு ஒரு இடமாம், ரெண்டு வாரம் அங்கதான் இருப்பாங்களாம், மருமகன் சொல்றான். பிள்ளைய நர்ஸ் பாத்துக்குவாங்க, தாய்க்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, மசாஜ் எல்லாம் உண்டாம். அவங்க காசுக்கு 30 லட்சத்துக்கு மேல, நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்துக்குப் பக்கத்துல வருது. காசு கூடப் போகட்டும். என்னைய உள்ள விடமாட்டாங்களாம்! புருஷனுக்கு மட்டும்தான் அனுமதியாம். பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது காசு குடுத்து அடுத்தவங்ககிட்ட ஒப்படைக்கணுமா?

சம்மந்தி வீடு புனலூர். எங்க ஊரு 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடதான் கிடந்துச்சு, அதனால மலைக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் பண்றது எங்களுக்குப் புதுசில்ல. ஆனா சம்மந்தியம்மா, "அங்கத்த முறை எதுவோ அப்படியே நடக்கட்டுமே"ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டாங்க. எனக்குத்தான் மனசு ஆறல.

அப்புறம், பிள்ளை பெத்தவளுக்கு மாட்டுக்கறி போட்டுக் கடல்பாசி சூப்பு குடுப்பாங்களாமே? எம் மக மாட்டுக்கறி தொடமாட்டா. பிள்ளைமருந்து இங்கேயே இடிச்சு எடுத்துட்டுப் போகலாமா? அந்தக் குளிருக்கு இட்லி மாவு பொங்குமா? குற்றாலத்துச் சாரல் காத்துக்கே காதைப் பொத்திக்கிற ஆளு நான். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

அம்மா, என் மூத்தவன் பிறந்ததே சுவோன்லதாங்க. இப்ப ஊரோட வந்துட்டோம். ஜோரிவோன் விஷயத்துல நான் மருமகன் கட்சி, கோவிச்சுக்காதீங்க.

காரணம் சொல்றேன். உங்களுக்குக் கிடைக்கிறது குறுகிய கால விசா, அதிகபட்சம் 90 நாள். நீங்க போய் இறங்கினதுல இருந்து நாள் கணக்கு ஓட ஆரம்பிச்சுடும். தேதிக்கு முன்னாடியே போனீங்கன்னா, வலி எடுக்கிற வரைக்கும் காத்திருந்து, ஆஸ்பத்திரி மூணு நாள், ஜோரிவோன் ரெண்டு வாரம்னு மருமகனுக்குச் சோறாக்கிப் போட்டே ஒரு மாசம் ஓடிடும். அதுக்குப் பதிலா, அவ வீட்டுக்கு வர்றதுக்கு மொத நாள் போய் இறங்குங்க. 90 நாளும் முழுசா தாய்க்கும் பிள்ளைக்கும். கொரியாக்காரங்க குழந்தையோட நூறாம் நாளைப் பெருசாக் கொண்டாடுவாங்க, கணக்குப் போட்டுப் பாருங்க, அதையும் பார்த்துட்டே திரும்பலாம். தலைப்பிரசவம் தேதி முன்னப்பின்ன ஆகும், அதனால தேதி மாத்தற டிக்கெட்டா எடுங்க.

ஜோரிவோன்ல பால் குடுக்கப் பழக்கறது, மார் கட்டிக்காமப் பார்த்துக்கறது எல்லாம் நல்லாவே பண்ணுவாங்க. ராத்திரி அவளைத் தூங்க விடுவாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் அந்தத் தூக்கம் கிடைக்காதுங்க. ஆளுங்களை உள்ள விடாதது நோய்த்தொற்று பயத்துக்காக. அங்கத்தப் பாட்டிகளுக்கும் அதே சட்டம்தான்.

சூப்புக்குக் கவலைப்படாதீங்க. பதிவு பண்ணும்போதே மாட்டுக்கறி வேண்டாம்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. மட்டி போட்டு வைப்பாங்க, எள்ளு மாதிரி ஒரு விதையை அரைச்சு விட்டும் வைப்பாங்க, அது நம்ம வாய்க்கு ரொம்ப நல்லா இருக்கும். மூணு வேளையும் அதே சூப்புங்கறதுதான் கொடுமை. தைராய்டு இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடணும், கடல்பாசியில அயோடின் ஜாஸ்தி.

பத்தியத்துல அவங்க நமக்கு இளைச்சவங்க இல்லைங்க. பச்சைத்தண்ணி தொடக்கூடாது, காத்து படக்கூடாது, காலுக்கு உறை போடணும், 21 நாள் வெளியாள் வரக்கூடாது. அந்தக் காலத்துல வாசல்ல வைக்கோல் கயிறு கட்டுவாங்களாம். ஆம்பளைப் பிள்ளைன்னா வத்தமிளகாயும் கரியும், பொண்ணுன்னா பைன் கொப்பும் கரியும் சொருகி. இப்ப யாரும் கட்டறதில்லை. கேட்டதும் எங்க அத்தைக்கு அந்த ஊரு மேல ஒரு மரியாதையே வந்துடுச்சு.

மாவு கண்டிப்பாப் பொங்கும். வெளிய மைனஸ் பத்துன்னாலும் வீட்டுக்குள்ள தரைக்கு அடியில சுடுதண்ணிக் குழாய் ஓடுது. தரை முழுக்க ஒரே சூடு இருக்காது. வெறுங்காலோட நடந்து பார்த்தா எந்த மூலை சுடுதுன்னு தெரியும், எங்க வீட்ல அது படுக்கையறைக் கதவோரம். பாத்திரத்தை நேரா தரையில வச்சா அடி மாவு வெந்து ஒட்டிக்கும். ஒரு துண்டை நாலா மடிச்சுப் போட்டு, அது மேல பாத்திரத்தை வச்சு, போர்வையால மூடி விட்டீங்கன்னா காலையில மூடியைத் தூக்கிட்டு நிக்கும். எங்க கொழிஞ்சாம்பாறை மார்கழியில கூட அப்படிப் பொங்காதுங்க.

அவங்க அரிசி ஒட்டற ஜாதி, இட்லிக்குச் சேராது. ஆன்சான்ல வொன்கொக்னு ஒரு பகுதி, வெளிநாட்டுக்காரங்க கடைத்தெரு. சுவோன் ஸ்டேஷன்ல ஏறினா மாறாம ஆன்சான்ல இறங்கலாம். இட்லி அரிசி, உளுந்து, உறைய வச்ச தேங்காய்த் துருவல், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் அந்தப் பக்கம் தேடலாம். அதனால பெட்டியில அரிசி அடைக்காதீங்க.

சாம்பிராணி மட்டும் வேண்டாங்க. புகை பட்டா அலாரம் அடிச்சுடும். மிக்ஸியை விடியக்காலையில ஓட்டாதீங்க, அடுக்குமாடியில மேல்வீட்டுச் சத்தம்தான் அங்க பெரிய சண்டையே.

மார்த்தாண்டம் வெல்டர் எழுதியது:

அம்மா, நான் கொரியாவுல கோஜேல கப்பல் யார்டுல இருக்கேன். நாங்க ஜோரிவோன் போவல. காசு ஒரு காரணம், எனக்க பெண்டாட்டிக்கு அந்தச் சாப்பாடு இறங்காதது இன்னொரு காரணம். எனக்க அம்மைதான் வந்து எல்லாம் பாத்தது. ஒரு குறையும் இல்ல. அதனால மேல எழுதுன சேச்சி சொன்னதுதான் வேதம்னு இல்ல கேட்டியளா. அட்வான்ஸ் கட்டியாச்சுன்னா திரும்பக் கிடைக்குமான்னு முதல்ல கேளுங்க, பெறவு சண்டை போடலாம்.

கருவாடு தூக்கிட்டு வரண்டாம். நெத்திலி உணக்கினது எல்லா மார்ட்டுலயும் பொடிசு பெரிசுன்னு வலுப்பம் பாத்துப் பிரிச்சு வச்சிருப்பான். பூண்டும் அப்படித்தான், நல்ல சாதனம். உப்புக்கண்டம், பழம், பச்சைக் கறிவேப்பிலை ஒண்ணும் பெட்டில போடாதீங்க. சொல்லாம கொண்டுவந்து பிடிச்சா அபராதம். கறிவேப்பிலைய உணக்கிப் பொடிச்சுக் கொண்டுவந்தாலும் ஏர்போர்ட்ல எழுதிக் காட்டிருங்க.

மருமகன்கிட்ட ரெண்டு காரியம் சொல்லுங்க. பிள்ளை அங்க பிறந்தாலும் கொரியக் குடியுரிமை கிடையாது. பிறந்து 90 நாளுக்குள்ள குடிவரவு ஆபீஸ்ல பிள்ளைக்குத் தங்குற அனுமதி எழுதி வாங்கணும். அதுக்கு பாஸ்போர்ட் வேணும், அதனால சியோல்ல நம்ம தூதரகத்துல பிறப்பைப் பதியுற வேலைய தள்ளிப் போடக்கூடாது. குடிவரவுச் சந்தேகத்துக்கு 1345, ஆம்புலன்ஸுக்கு 119.

செங்கோட்டை ஆச்சி எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. அட்வான்ஸ் கட்டியாச்சாம், திரும்ப வராதாம். அப்ப அந்தப் பேச்சு முடிஞ்சுது. ஆனா வலி எடுக்கிற நேரத்துல பொம்பள ஆளு ஒருத்தி பக்கத்துல இல்லாம எப்படிம்மா? அத நெனச்சாத்தான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.

கேக்க இன்னும் ரெண்டு இருக்கு. பத்தமடைப் பாய் கொண்டு போனா அந்தச் சுடுற தரையில விரிக்கலாமா? பிள்ளையத் தரையில போடலாமா? நாட்டு மருந்துக்கடையில லேகியம் சொல்லி வச்சிருக்கேன், அத என்ன செய்ய?

பள்ளிப்பட்டு பொண்ணு எழுதியது:

ஆச்சி, நான் ஆந்திரா பார்டர்ல பள்ளிப்பட்டு. இப்போ கொரியாவுல தேஜோன்ல இருக்கேன், எனக்கு இங்கதான் பிரசவம் ஆச்சு. வலி எடுத்தப்போ எங்கம்மா இல்லை. ஆனா போன்ல இருந்தாங்க. கொரியாவுக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். இங்க ராத்திரி ரெண்டுன்னா அங்க பத்தரைதான், அம்மா முழிச்சுட்டுதான் இருந்தாங்க. அந்த நேரத்துக்கு எனக்கு அது போதுமா இருந்தது. அம்மா நேர்ல தேவைப்பட்டது அப்புறம்தான். வீட்டுக்கு வந்ததும் புருஷன் வேலைக்குப் போயிடுவார், குழந்தை அழும், கதவைத் தட்டிக் கேட்க அக்கம்பக்கம் யாரையும் தெரியாது. அந்த வாரம் அம்மா இல்லாம இருந்தா நான் ரொம்ப ஆடிப்போயிருப்பேன்.

இதுல உங்க மருமகன் சொல்றாரு, சம்மந்தி சொல்றாங்க, நீங்க சொல்றீங்க. பொண்ணு என்ன சொல்றான்னு நீங்க எழுதவே இல்லையே? அவளைத் தனியா ஒருநாள் கூப்பிட்டுக் கேளுங்க. மருமகன் பக்கத்துல இல்லாத நேரமா பார்த்து.

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

பாய் தாராளமாக் கொண்டு போங்க. அங்க தரையில படுக்கறவங்க நிறையப் பேர் உண்டு, பத்தமடைப் பாய் மேல சூடு சுகமா ஏறும், இடுப்பு வலிக்கு அவ்வளவு இதம். குழந்தையை மட்டும் நேரா சூட்டுல போடாதீங்க, தோல் சிவந்துடும். அதுக்குன்னு தனிப் படுக்கை போட்டு, உடம்பைத் தொட்டுப் பார்த்து, தரைக்குச் சூடு குடுக்கற பாய்லரைக் குறைச்சு வைங்க. காத்து ரொம்ப வறண்டு போகும், துவைச்ச துணியை அறையிலேயே காயப்போட்டா கொஞ்சம் ஈரப்பதம் கிடைக்கும். நாலு நாள் வெளியூர் போனாலும் பாய்லரை முழுசா அணைச்சுட்டுப் போகக்கூடாது, குழாய்த்தண்ணி உறைஞ்சு வெடிச்சுடும்.

லேகியம், கடை லேபிள் ஒட்டின டப்பாவா, தேவைக்கு மட்டும், பெரிய பெட்டியில. வீட்ல கிளறினதைத் தூக்குல ஊத்திட்டுப் போனா அதிகாரிகளுக்கு விளக்கிச் சொல்லவே ஒரு நாள் ஆகும். சுக்கு, மிளகு, ஓமம், திப்பிலி தனித்தனிப் பாக்கெட்டா வாங்கிட்டுப் போய் அங்கேயே மிக்ஸியில அடிச்சுக்கோங்க. பால் குடுக்கறவளுக்கு எது குடுத்தாலும் அவ டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

குப்பைதான் உங்களை அழ வைக்கும். சோத்து மிச்சம் தனிப் பெட்டி. பல அடுக்குமாடியில கார்டு காட்டினாத்தான் அந்தப் பெட்டி திறக்கும், எடை போட்டு மாசக் கணக்குல சேர்த்துடும். அதனால குழம்புத் தண்ணியை வடிச்சுட்டுப் போடுங்க. வெங்காயத்தோல், பூண்டுத்தோல், முட்டை ஓடு, எலும்பு, தேங்காச் சிரட்டை இதெல்லாம் சோத்துக் குப்பை கிடையாது. காசு குடுத்து வாங்கற தனிப் பையில போகணும்.

செங்கோட்டை ஆச்சி எழுதியது:

பள்ளிப்பட்டு பிள்ளை சொன்னபடி மகட்ட தனியாக் கேட்டேன். "வலி எடுக்கும்போது நீ இங்க இருந்தா நீதாம்மா எனக்கு முன்னாடி அழுவ, நான் உன்னைப் பாப்பேனா, பிள்ளையப் பெறுவேனா"ங்கா. வீட்டுக்கு வந்த பெறவு வந்தாப் போதும்னுட்டா. திருவனந்தபுரத்துல ஏறி சிங்கப்பூர்ல மாறுற மாதிரி, தேதி மாத்துற டிக்கெட்டாப் பாக்கச் சொல்லியிருக்கேன். விசாவுக்கு சென்னையில இருக்கிற கொரியத் தூதரக ஆபீஸ்ல என்னென்ன காகிதம் கேக்காங்கன்னு மருமகன் விசாரிக்கான்.

எம் மிக்ஸி மூணு பின்னு. அங்க அது சொருகுமா?

மார்த்தாண்டம் வெல்டர் எழுதியது:

சொருகாது அம்மா. அங்க ரெண்டு உருண்டைப் பின்னு. கரண்டு 220 வோல்ட்டுதான், மிக்ஸிக்கு ஒண்ணும் ஆவாது. தென்காசில எலக்ட்ரிக் கடையில அடாப்டர் கேளுங்க, 10 ஆம்பியர் தாங்கும்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. கிரைண்டரத் தூக்கிட்டுப் போயிராதீங்க.