நியூயார்க் வனநிலம்: 480-ஏ சலுகையா, பாதுகாப்பு ஒப்பந்தமா?

கேள்வி:
கேட்ஸ்கில் மலைப்பகுதியில் எங்களுக்கு 62 ஏக்கர் மரக்காடு இருக்கிறது. சொத்து வரி சுமையாகி வருவதால், வனநிலத்துக்குச் சொத்து வரிச் சலுகை தரும் நியூயார்க் மாநிலத்தின் 480-ஏ வனச் சட்டத்தில் சேர்வதா, நிலத்தில் கட்டடங்கள் எழுப்புவதைத் தடுக்கும் நிரந்தரப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு (conservation easement) அதை உட்படுத்துவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
480-ஏ சட்டத்துக்குக் குறைந்தது 50 ஏக்கர் தொடர்ச்சியான வனம் வேண்டும்; வீடும் புல்வெளியும் அதில் சேரா என்பதால் முதலில் அளந்து பாருங்கள். தகுதி பெற்றால் வனத்தின் மதிப்பில் 80% வரை விலக்குக் கிடைக்கும். ஆனால், அரசு ஏற்ற மேலாண்மைத் திட்டம் குறித்த காலத்தில் மரம் வெட்டியே ஆக வேண்டும், அந்த மரத்தின் மதிப்பில் 6% வரியும் உண்டு. நிலத்தை வனமாகவே வைத்திருப்போம் என்ற பத்தாண்டு உறுதிமொழி, விலக்குப் பெறும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்குகிறது என்பதுதான் மிக முக்கியம். அதை மீறினால், சேமித்த வரியின் இரண்டரை மடங்கை வட்டியுடன் கட்ட நேரிடும்.

மறுமொழி 2:
மரம் வெட்ட மனமில்லாதவர்களுக்கு நான் ஒப்பந்தத்தையே பரிந்துரைப்பேன். வளர்ச்சி உரிமையை, அதாவது நிலத்தில் கட்டடங்கள் எழுப்பும் உரிமையை, நன்கொடையாக விட்டுக்கொடுத்தவருக்கு, அந்த நிலத்துக்குக் கட்டும் சொத்து வரியில் 25%, ஆண்டுக்கு அதிகபட்சம் 5,000 டாலர், மாநில வருமான வரி வழியே திரும்பக் கிடைக்கிறது. கட்டுப்பாடு உங்கள் வாரிசுகளையும் என்றென்றும் பிணைக்கும். ஆகவே கையெழுத்திடுமுன் பிள்ளைகளைக் கலந்து பேசுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வீட்டுப் பகுதியைக் கழித்து வனப்பரப்பை அளக்க, வனவியலாளர் ஒருவரை அமர்த்துகிறோம்.